பனிக்காலத்துக்கு ஒரு வெயில் ஊர்

அக்டோபர் பிறந்தால் போதும், வெளிநாட்டில் தாதி வேலை பார்க்கும் நம் பெண்களிடமிருந்து எனக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். லீட்ஸ், பர்மிங்ஹாம், டொரோண்டோ என்று ஊர்தான் மாறும், கேள்வி மாறாது. மெல்பர்ன்காரர்கள் மட்டும் ஏப்ரலில் எழுதுவார்கள். அவர்களுக்குக் குளிர் ஜூனில் அல்லவா வருகிறது! எல்லாருடைய கேள்வியும் இதுதான்: "பனிக்காலம் மூன்று மாதமும் வெயிலடிக்கும் ஊருக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். கோலாலம்பூர் சரிப்படுமா, சிஸ்டர்?"

இந்த முறை வந்த ஒரு கடிதத்துக்கு விரிவாகவே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதியவர் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். ஒன்பது ஆண்டுகளாக வட இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறார். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீடு திரும்புகிறார். அப்பா இல்லை. 71 வயது அம்மா கிள்ளானில் தனியாக இருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் தோழி ஒருத்தி குளிர்காலம்தோறும் புளோரிடாவில் மூன்று மாத ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறாளாம். "அவள் புளோரிடா போகிறாள், நான் கிள்ளான் போகக்கூடாதா?" என்று கேட்கிறார்.

முப்பது வருஷத்துக்கு மேல் வார்டுகளில் நின்றவள் நான். இந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் களைப்பு எனக்குத் தெரியும். ஆனாலும் வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறுவதற்கு முன் சில கணக்குகளைப் பார்த்துவிடுவது நல்லது.

புளோரிடாவில் நடப்பது என்ன?

டிராவல் நர்சிங் என்று அமெரிக்காவில் சொல்வது ஒப்பந்த வேலை. பெரும்பாலும் 13 வாரம். ஒரு நிறுவனம் உங்களை வேலைக்கு எடுத்து, ஆள் தேவைப்படும் மருத்துவமனைக்கு அனுப்பும். 13 வாரம் முடிந்தால் நீட்டிக்கலாம், இல்லையென்றால் அடுத்த ஊர்.

குளிர்காலத்தில் புளோரிடாவிலும் அரிசோனாவிலும் இத்தகைய வேலைகள் அதிகமாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. வடக்கே வசிக்கும் ஓய்வுபெற்ற முதியவர்கள் நவம்பர் வாக்கில் தெற்கே வந்துவிடுவார்கள், குளிர் விட்ட பிறகுதான் ஊர் திரும்புவார்கள். பனிப்பறவைகள் என்றே அவர்களுக்குப் பெயர். அவர்களுடைய இருதய நோயும் இனிப்பு நீரும் இடுப்பு எலும்பு முறிவும் அவர்களோடு சேர்ந்தே வரும். அந்த மாதங்களுக்கு மட்டும் மருத்துவமனைகளுக்குக் கூடுதல் கைகள் வேண்டும். நோயாளி வெயிலைத் தேடிப் போகிறார், தாதி நோயாளியைத் தேடிப் போகிறார். அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம், பதிவு. அமெரிக்காவில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் தாதியர் உரிமத்துக்கென்று ஒரு கூட்டு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அதில் சேர்ந்த ஒரு மாநிலத்தில் குடியிருந்து பல மாநில உரிமம் பெற்ற தாதி, ஒப்பந்தத்தில் உள்ள மற்ற மாநிலங்களிலும் புதிதாக உரிமம் எடுக்காமல் வேலை பார்க்கலாம். புளோரிடா, அரிசோனா, டெக்சஸ் மூன்றும் அதில் உண்டு. வெயிலுக்குப் பேர்போன கலிபோர்னியாவும் ஹவாயும் அதில் இல்லை, அங்கே போக வேண்டுமானால் தனி உரிமம் எடுக்க வேண்டும்.

ஆக, குளிர்கால வேலை என்பது நடக்க இரண்டு விஷயம் ஒன்றாகக் கூடிவர வேண்டும். அந்தப் பருவத்தில் நோயாளிகள் பெருக வேண்டும், உங்கள் பதிவு எல்லை தாண்டிச் செல்ல வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டுமே இல்லை. நம் தனியார் மருத்துவமனைகளுக்கும் வெளிநாட்டு நோயாளிகள் வருகிறார்கள்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள். நமக்கும் அவர்களுக்கும் ஒரே வெயில். வருஷம் முழுக்க வந்து போகிறார்கள். டிசம்பரில் மட்டும் ஆள் கூட்ட வேண்டிய அவசியம் இங்கே எந்த மருத்துவமனைக்கும் இல்லை.

இங்கே வாசல் எப்படி இருக்கிறது?

மலேசியாவில் தாதியர் தொழில் 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின் கீழ் வருகிறது. மலேசியத் தாதியர் வாரியத்தில் பெயர் பதிந்து, ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பித்தவர்தான் இங்கே தாதியாக வேலை பார்க்கலாம். இங்கிலாந்தில் பதிவு இருக்கிறது என்பதால் மட்டும் இங்கே ஊசி போட முடியாது.

அடுத்து வருவது கடப்பிதழின் நிறம். கடிதம் எழுதிய பெண் அதைச் சொல்லவில்லை, அதனால் இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னும் மலேசியக் கடப்பிதழ்தான் என்றால் வாசல் திறந்திருக்கிறது. இங்கே படித்துப் பதிவு பெற்றுவிட்டுப் போனவர், விட்டுப்போன சான்றிதழை மறுபடி எடுக்க வாரியம் என்ன கேட்கிறது என்று விசாரித்து அதற்கான வேலையைத் தொடங்கலாம். இங்கிலாந்திலேயே படித்தவர் முதலில் பதிவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் நாள் பிடிக்கும். நவம்பரில் நினைத்து டிசம்பரில் வார்டுக்குள் நுழைகிற காரியம் இல்லை இது.

பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்திருந்தால் கதை வேறு. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. கிள்ளானில் பிறந்திருந்தாலும் சட்டத்தின் முன் நீங்கள் வெளிநாட்டுத் தாதி. வெளிநாட்டவருக்குத் தற்காலிகச் சான்றிதழ்தான் உண்டு. வேலை கொடுக்கும் மருத்துவமனைதான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். குடிநுழைவுத் துறையின் வேலை அனுமதி தனி. வெளிநாட்டுத் தாதியரை எடுப்பவை பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகள்தான். அவையும் பொதுவாக, தீவிர சிகிச்சை, அறுவை அரங்கம் போன்ற ஒரு துறையில் போஸ்ட் பேசிக் பயிற்சி முடித்தவர்களையே எடுக்க முடியும் என்பது நிபந்தனையாக இருந்தது. நம் தாதியர் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போய்க்கொண்டே இருந்ததால் தனியார் மருத்துவமனைகள் ஆளில்லாமல் திண்டாடின. 2023 அக்டோபரில் சுகாதார அமைச்சு அந்த நிபந்தனையை ஓராண்டுக்குத் தளர்த்தியது.

"இவ்வளவு பற்றாக்குறை இருக்கிறதே, மூன்று மாதத்துக்கு என்னை எடுத்துக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்பீர்கள். மருத்துவமனையின் இடத்தில் இருந்து பாருங்கள். வெளிநாட்டுத் தாதி ஒருவருக்குத் தாள்கள் தயாராகவே மாதக்கணக்கு ஆகும். வந்த பிறகு மருந்தின் பெயர், கணினி முறை, மருத்துவர்களின் பழக்கம் எல்லாம் பிடிபடச் சில வாரம் ஆகும். கை பழகும் நேரத்தில் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். ஆள் இல்லாத மருத்துவமனை தேடுவது நிலைத்து நிற்கும் ஆளை. குறைந்தது ஓரிரண்டு ஆண்டாவது இருப்பவரைத்தான் அவர்கள் எதிர்பார்ப்பார்கள்.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மடிக்கணினியோடு வந்து வேலை பார்ப்பவர்களுக்காக 2022-இல் மலேசியா டெ ரந்தாவ் என்ற அனுமதியைக் கொண்டுவந்தது. மூன்று மாதத்திலிருந்து ஓராண்டு வரை இங்கே தங்கி, வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யலாம். மென்பொருள் எழுதும் அண்ணன் பங்சாரில் உட்கார்ந்து லண்டன் சம்பளம் வாங்கலாம். தாதியாக இருக்கும் தங்கைக்கு அப்படி ஒரு வழி இல்லை. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் வேலையைத் தொலைவிலிருந்து செய்ய முடியாதே!

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. "சமூக வருகை அனுமதியில் வந்துவிடுங்கள், வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம், அதுவரை வீட்டோடு இருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை தருகிறோம்" என்று ஏஜெண்டுகள் ஆசை காட்டுவார்கள். சமூக வருகை அனுமதியில் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. பதிவில்லாமல் தாதி வேலை பார்ப்பதும் குற்றம். இரண்டும் சேர்ந்தால் இங்கே மாட்டுவதோடு நிற்காது, அங்கே இருக்கும் உங்கள் பதிவுக்கும் ஆபத்து. ஒன்பது வருஷ உழைப்பை மூன்று மாத வெயிலுக்காகப் பணயம் வைக்காதீர்கள்.

சம்பளமும் வேலை நேரமும்

இங்கிலாந்தின் அரசுச் சுகாதாரச் சேவையில் ஐந்தாம் படிநிலைத் தாதியின் தொடக்க ஊதியம் 2025-26 அட்டவணைப்படி ஆண்டுக்கு 31,049 பவுண்டு. வரி பிடிப்பதற்கு முன் மாதம் 14,000 ரிங்கிட்டை ஒட்டி வரும். நம் ஊர்த் தனியார் மருத்துவமனையில் சாதாரண வார்டுத் தாதிக்கு அதில் நான்கில் ஒரு பங்கு கிடைப்பதே அரிது. இங்கே செலவு குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாதமும் லீட்ஸில் வீட்டு வாடகை ஓடிக்கொண்டிருக்குமே? போகவர விமானச் சீட்டு, வாரியக் கட்டணம், சான்றிதழ்களைச் சரிபார்க்கும் செலவு எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் நிற்காது. கைக்காசு போனாலும் போகும்.

நேரத்தையும் பாருங்கள். அங்கே வாரம் 37 அரை மணி நேரம். இங்கே வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். முன்பு 48 ஆக இருந்ததை 2023 ஜனவரியில்தான் குறைத்தார்கள். அரசுத் தாதியருக்கு 42 மணி நேரத்தை 45 ஆக்கப் போவதாக 2024 இறுதியில் அறிவிப்பு வந்தபோது எவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது, அது எப்படித் தள்ளிவைக்கப்பட்டது என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நீண்ட ஷிப்டு மூன்று நாள் பார்த்துவிட்டு நான்கு நாள் வீட்டிலிருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, காலை, மாலை, இரவு என்று மாறி மாறி வாரத்தில் ஆறு நாள் போவது சுலபமாக இருக்காது.

வருகிற மாதங்களையும் யோசியுங்கள். கிறிஸ்துமஸ், பொங்கல், தைப்பூசம், சீனப் பெருநாள் எல்லாம் வரிசையாக வரும். நம் வார்டுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நோன்புப் பெருநாளுக்கு மலாய்த் தோழிகள் வீட்டுக்குப் போவார்கள், நாம் நிற்போம். தீபாவளிக்கு அவர்கள் நிற்பார்கள். பல வருஷம் கொடுத்து வாங்கியதில் வளர்ந்த உறவு அது. புதிதாக மூன்று மாதத்துக்கு வருபவர், "எனக்குத் தைப்பூசத்துக்கு லீவு வேண்டும்" என்று கேட்டால் ரோஸ்டர் எழுதும் சிஸ்டர் என்ன செய்வார்? நானாக இருந்தாலும் வந்தவரை நிற்க வைத்திருப்பேன்.

வெயிலைப் பற்றி

வெயில் இருக்கிறது, சந்தேகமில்லை. கோலாலம்பூரில் வருஷம் முழுக்கப் பகலில் 32, 33 டிகிரி, இரவில் 23, 24 டிகிரி. ஆனால் டிசம்பர் என்றால் வெயில் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கம் மழை அதிகம் கொட்டுவது ஏப்ரலிலும் நவம்பரிலும். நவம்பர் மழையின் வால் டிசம்பருக்குள்ளும் நீளும். வடகிழக்குப் பருவமழையின் அடி கிழக்குக் கரைக்குத்தான் என்று நாம் நிம்மதியாக இருந்த காலமும் போயிற்று. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா கூரை வரை மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிள்ளானிலும் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்தது. மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் ஜனவரிப் பிற்பகுதியும் பிப்ரவரியும் நல்லது. மழை சற்று ஓயும். புகைமூட்டம் வந்தாலும் அது பெரும்பாலும் ஜூனுக்குப் பிறகுதான்.

கொசுவையும் சொல்லியாக வேண்டும். நாட்டிலேயே டிங்கிக் காய்ச்சல் அதிகமாகப் பதிவாவது சிலாங்கூரில்தான். கிள்ளானுக்கும் கொசுவுக்கும் பழைய பகை. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்த கையோடு மலேரியா ஆட்களைச் சாய்த்தது. அப்போது கிள்ளானில் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடித்து, காடு வெட்டி, நோயை அடக்கினார். உலகமே திரும்பிப் பார்த்த வேலை அது. அந்தத் துறைமுகம்தான் இன்றைய போர்ட் கிள்ளான். மலேரியாக் கொசுவை விரட்டிய ஊரில் இன்று டிங்கிக் கொசு பூந்தொட்டித் தட்டில் குடியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கொசு மருந்தைப் பெட்டியில் வைக்க மறக்க வேண்டாம்.

இன்னொன்று, தாதியருக்கு மட்டுமே தெரிந்தது. வெயில் மருத்துவமனைக்கு வெளியேதான். உள்ளே குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும். அறுவை அரங்கத்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நாங்கள் உள்ளே ஒரு சட்டை போட்டுக்கொண்டுதான் நிற்போம். காலை ஆறரைக்கு உள்ளே போய், மூன்று மணிக்கு வெளியே வரும்போது இடிமழை பிடித்துக்கொள்ளும். வெயிலுக்காக வந்தவர் வெயிலைப் பார்ப்பது வாராந்தர ஓய்வு நாளில்தான்.

பிரிக்பீல்ட்ஸா, கிள்ளானா?

இவ்வளவும் தெரிந்தே, முறைப்படி ஓராண்டு இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வருகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் தாதியரும் எங்கே தங்குவது என்று கேட்பதுண்டு. அவர்களுக்காக இது.

மருத்துவமனை கோலாலம்பூரிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ என்றால் பிரிக்பீல்ட்ஸ் வசதி. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு நகரைச் செங்கல்லால் கட்டச் சொன்னார்கள். அந்தச் செங்கல் சூளைகள் இருந்த இடம் இது. பிறகு ரயில்வே வந்தது, ரயில்வேயோடு தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நம்மவர்கள் வந்தார்கள். இன்று கே.எல். சென்ட்ரல் பக்கத்திலேயே இருப்பதால் எந்தத் திசைக்கும் ரயில் உண்டு. மாலை ஷிப்டு முடிந்து தனியாக வரும் பெண்ணுக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள தெரு முக்கியம். துன் சம்பந்தன் சாலையில் அது இருக்கிறது, சாப்பாட்டுக் கடையும் இருக்கிறது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால் பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் வரிசையாக உண்டு. இரண்டு இரவு ஷிப்டு நின்ற கால்களுக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. குறை என்றால் வாடகைதான். புதிய அடுக்குமாடிகள் தாதி சம்பளத்துக்கு எட்டாது. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து எடுக்க வேண்டியிருக்கும்.

கிள்ளானில் வாடகை குறைவு, வீடு விசாலம். தெங்கு கிளானா சாலையில் சேலையிலிருந்து கறிவேப்பிலை வரை எல்லாம் கிடைக்கும். கம்யூட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆனால் காலை ஏழு மணி ஷிப்டுக்கு ரயிலை நம்பிக் கிளம்பினால் மூச்சு வாங்கும். கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசலைச் சொல்லவே வேண்டாம். கிள்ளானில் தங்கினால் கிள்ளானிலோ ஷா ஆலமிலோ வேலை தேடுங்கள். மாதம் 50 ரிங்கிட்டுக்குப் போகவர முடிகிற மை50 அட்டை மலேசியர்களுக்கு மட்டும்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்படியானால் வேலைக்கு எங்கே போவது?

தேடுவது வெயிலும் வருமானமும் என்றால் சொல்ல எனக்கு இருப்பது ஒரே விதி. உங்கள் பதிவு செல்லும் எல்லைக்குள் தேடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2010 ஜூலை முதல் அங்கே தாதியருக்கு நாடு முழுவதற்கும் ஒரே பதிவு. மெல்பர்ன் தாதி ஜூன் மாதக் குளிரில் டார்வினுக்குப் போகலாம். அங்கே மே முதல் அக்டோபர் வரை மழையில்லாத காலம், பகலில் 30 டிகிரிக்கு மேல், நம்மூர்ப் புழுக்கமும் இருக்காது. வட ஆஸ்திரேலிய மருத்துவமனைகளும் தொலைதூரக் கிளினிக்குகளும் குறுகிய கால ஒப்பந்தத்தில் தாதியரை எடுப்பது வழக்கமான காரியம்.

டொரோண்டோக்காரர்களுக்கு புளோரிடா எட்டும் தூரம். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 2015 முதல் அமெரிக்காவில் எழுதும் அதே என்கிளெக்ஸ் தேர்வுதான். கனடியக் குடிமகளாக இருந்தால் பதிவு பெற்ற தாதியருக்கு டி.என். அனுமதி உண்டு. அந்த மாநிலத்தின் உரிமமும் விசாஸ்கிரீன் சான்றிதழும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். இந்தக் குளிருக்கு முடியாது, அடுத்த குளிருக்கு இப்போதே தொடங்கலாம்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம். அந்தப் பதிவு செல்லும் இடத்தில் வெயில் ஊர் கிடையாது.

வீட்டுக்கு வருவது என்றால்

இனி கடிதம் எழுதிய பெண்ணுக்கு நேராகவே சொல்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வெயிலைப் பற்றி நான்கு வரி, அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது கிள்ளானில் வேலை இல்லை, கிள்ளானில் நாட்கள். வேலையோடு வந்தால் வாரத்தில் ஆறு நாள் யாரோ ஒருவருடைய அம்மாவுக்கு மருந்து கொடுப்பீர்கள். உங்கள் அம்மா வாசலில் விளக்கைப் போட்டுவிட்டு உங்களுக்காகக் காத்திருப்பார். லீட்ஸிலிருந்து தொலைபேசியில் கேட்கும் அதே கேள்வியை, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று, கிள்ளான் வார்டிலிருந்து கேட்பீர்கள்.

உங்களிடம் இருக்கும் விடுப்பை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்து அரசுச் சேவையில் சேர்ந்தவுடன் 27 நாள், ஐந்து ஆண்டு முடித்தவருக்கு 29 நாள், பத்து ஆண்டுக்கு மேல் 33 நாள், பொது விடுமுறைகள் தனி. உங்கள் ஒன்பது ஆண்டு அங்கேயே என்றால் 29 நாள். ஒரேயடியாக எடுத்தால் ஆறு வாரத்துக்குச் சற்றுக் குறைவு, அதுவும் சம்பளத்தோடு. கிறிஸ்துமஸுக்குக் கேட்டால் கிடைக்காது, எல்லாரும் கேட்பார்கள். ஜனவரி பாதிக்குப் பிறகு வார்டில் யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள். விமானச் சீட்டு விலையும் இறங்கியிருக்கும், இங்கே மழையும் குறைந்திருக்கும், தைப்பூசமும் அதை ஒட்டியே வரும். பத்துமலையின் 272 படிகளை அம்மாவால் ஏற முடியாவிட்டாலும் கீழே நின்று கும்பிட்டுவிட்டு வரலாம்.

ஆறு வாரம் போதாது, அம்மாவின் நிலைமை கவலைக்கிடம் என்றால் ஊதியமில்லாப் பணி இடைவெளி என்று ஒரு ஏற்பாடு அங்கே இருக்கிறது. ஓராண்டு வேலை பார்த்தவர்கள் கேட்கலாம். குறைந்தது மூன்று மாதம், அதிகம் ஐந்து ஆண்டு. வேலை கைவிட்டுப் போகாது. அந்த நாட்களில் வேறு வேலை பார்ப்பதானால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பதிவைப் பற்றிய பயமும் வேண்டாம். மூன்று ஆண்டில் 450 மணி நேரம் வேலை பார்த்திருந்தால் போதும், உங்கள் கணக்கில் அது எப்போதோ நிரம்பியிருக்கும். பிரிட்டிஷ் கடப்பிதழாக இருந்தால் விசா இல்லாமல் 90 நாள் இங்கே தங்கலாம். வருவதற்கு மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்பிவிடுங்கள்.

வந்த பிறகு தாதி மூளையைக் கொஞ்சம் வீட்டிலும் பயன்படுத்துங்கள். அம்மாவின் மருந்து டப்பாவைத் திறந்து, எதைத் தின்கிறார், எதை அலமாரியில் சேர்த்து வைத்திருக்கிறார் என்று பாருங்கள். கிளினிக்குக்கு ஒரு தடவையாவது கூடப் போங்கள். அவசரத்துக்கு ஓடிவரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். குளியலறையில் ஒரு கைப்பிடி போடுங்கள். ஊரில் இல்லாத பதினொரு மாதத்துக்கு அது உங்களுக்குத் தூக்கம் தரும்.

முதல் வேலையாக நாளைக்கே வார்டு மேனேஜரைப் பாருங்கள். லீவு அட்டவணையில் ஜனவரி கடைசி வாரத்தை இன்னொருத்தி எடுப்பதற்குள் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள்.